இரண்டாவது பத்து

பெரிய சிஸ்டருக்கு மனம் ஓர் இடத்தில் நிற்காது. அவளே வாயால் ஒப்புக்கொண்ட விஷயம்தான் இது, நாம் ஒன்றும் புறம் பேசவில்லை. வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போவாள், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பாள். மறுபடி தெருமுனைக்குப் போய், நிஜமாகவே இழுத்துப் பார்த்தோமா, இல்லை இழுத்துப் பார்த்த மாதிரி நினைத்துக்கொண்டோமா என்று நின்று யோசிப்பாள். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால் முதலில் வீட்டுக்காரரின் ரத்த அழுத்தம் வரும். அது இறங்கினால் வெளியூரில் வேலை பார்க்கும் மகள் ஏறிக்கொள்வாள். மகளுக்குப் பின்னால் பாத்ரூம் குழாய், கட்டாத கரண்ட் பில், போன வருஷம் யாரோ சொன்ன ஒரு சொல். இத்தனையையும் சுமந்துகொண்டு ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போதே அவளுக்குப் பாதி நாள் வேலை பார்த்த அலுப்பு வந்துவிடும்.

ஆனால் ஆபரேஷன் தியேட்டருக்குள் அந்த மனம்தான் அவளுக்குச் சோறு போட்டது. அது எப்படி என்று தெரிய, அவள் வேலை என்னவென்று கொஞ்சம் சொல்ல வேண்டும்.

வயிற்றைத் திறந்து செய்கிற ஆபரேஷனில் ரத்தத்தையும் சீழையும் ஒற்றியெடுக்க உள்ளே துணி வைப்பார்கள். கைக்குட்டை அளவில், எக்ஸ்ரேயில் தெரிகிற நூல் ஒன்றை ஓட்டி, பல மடிப்பாகத் தைத்த வெள்ளைத் துணி. தியேட்டரில் அதற்கு மாப் என்று பெயர். வெள்ளையெல்லாம் உள்ளே போகும் வரைதான். ரத்தத்தில் ஊறிவிட்டால் குடலோடு குடலாகக் கிடக்கும், நெய்தவனே வந்தாலும் அடையாளம் தெரியாது. அப்படி ஒன்று உள்ளே தங்கி, மேலே வயிற்றையும் தைத்துவிட்டால், அந்த நோயாளி கதி அதோகதி. ஆகையால் தொடங்கும்போது எத்தனை மாப் என்று எண்ணிச் சுவரில் இருக்கிற பலகையில் எழுதுவார்கள். தைப்பதற்கு முன்னால் மறுபடி எண்ணுவார்கள். ஒருத்தி எண்ணினால் தப்பு வரலாம் என்பதால் இரண்டு பேர் சேர்ந்து, வாய்விட்டு எண்ண வேண்டும். கணக்கு இடித்தால் ஊசியைத் தொடக்கூடாது.

விதி ஒரு தடவை எண்ணச் சொன்னால் பெரிய சிஸ்டர் நாலு தடவை எண்ணுவாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு எண்ணுவாள். "நான் கவலைப்படலன்னா வேற யாரு படப்போறா? அவங்கவங்க வேலையை அவங்கவங்க பாத்துட்டு வீட்டுக்குப் போயிடுவாங்க" என்பாள். இருபத்திரண்டு வருஷத்தில் அவள் நின்ற மேசையில் ஒரு மாப் தவறியதில்லை. அதற்காக அவளுக்குப் பட்டமா கொடுத்தார்கள்? 'நச்சு சிஸ்டர்' என்று முதுகுக்குப் பின்னால் ஒரு பெயர் கொடுத்தார்கள். நச்சரிக்கிறாளாம்.

பெரிய டாக்டருக்குத்தான் அவளைக் கண்டால் ஆகாது. கை வேகம், வாய் அதைவிட வேகம் அவருக்கு. ஊசியை எடுத்துத் தைக்கப் போகிற நேரம் பார்த்து, "நிறுத்துங்க டாக்டர், இன்னொரு தடவை எண்ணிக்கறேன்" என்று இவள் குரல் கொடுப்பாள். ஒருநாள் ஒரே ஆபரேஷனில் மூன்று தடவை நிறுத்தினாள். மூன்று தடவையும் கணக்கு சரியாகவே இருந்தது. அவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. அன்று சாயங்காலமே, 'இவர் பதற்றத்தால் தியேட்டர் முழுவதும் பதறுகிறது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு நிர்வாகியிடம் கொடுத்துவிட்டார்.

நிர்வாகி அப்போதுதான் எங்கேயோ மாநாட்டுக்குப் போய்வந்திருந்தார். போனவர் சும்மா வருவாரா? மன அமைதிப் பயிற்சி என்ற ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தார்.

"எட்டு செவ்வாய்க்கிழமை. ஆபீஸ் நேரத்திலேயே. உங்களை மட்டும் அனுப்பினா நல்லா இருக்காது சிஸ்டர், அதனால தியேட்டர்ல இருக்கிற எல்லாரையும் அனுப்பறேன்" என்றார். "ஆனா கடைசியில மாஸ்டர் ஒரு ஃபாரம் தருவார். 'மனம் அமைதி அடைந்ததா? ஆம், இல்லை.' உங்களுக்கு 'ஆம்' வந்தாகணும்."

"வரலேன்னா?"

"துணிக் கிடங்குல ஒரு இடம் காலியா இருக்கு."

துணிக் கிடங்கு என்றால் தரைக்குக் கீழே இருக்கிற அறை. படுக்கை விரிப்பு, போர்வை, தலையணை உறை. அங்கேயும் எண்ணுகிற வேலைதான், ஆனால் யார் வயிற்றுக்குள்ளும் போர்வை தங்கிவிடப் போவதில்லை. பெரிய சிஸ்டர் உடை மாற்றும் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். தியேட்டரை விட்டால் அவளுக்குப் போக்கிடம் கிடையாது, அங்கேதான் தான் ஒரு ஆள் என்று அவளுக்குத் தோன்றும். அழுது முடித்துக் கதவைத் திறந்தவள், சாத்தியிருந்தபோது தாழ்ப்பாள் சரியாக விழுந்திருந்ததா என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டாள்.

பயிற்சி தர வந்தவருக்கு நாற்பது வயது இருக்கும். சட்டையும் சாக்ஸும் ஒரே நிறம், குரல் வெதுவெதுப்பான தண்ணீர் மாதிரி. அவருக்கு 'மூச்சு மாஸ்டர்' என்று பெயர் வைத்தவர் மயக்க டாக்டர், அதாவது நோயாளிக்கு மயக்க மருந்து கொடுக்கிறவர். வேலையே மூச்சைப் பார்த்துக்கொண்டு உட்காருவதாக இருக்கிற தனக்கு மூச்சைக் கவனிக்கச் சொல்லிக்கொடுக்க ஓர் ஆளா என்று அவருக்கு எரிச்சல்.

"கண்ணை மூடிக்கோங்க" என்றார் மாஸ்டர். "மூச்சை எண்ணுங்க. ஒண்ணுலேர்ந்து பத்து வரைக்கும்தான். பத்து வந்ததும் மறுபடி ஒண்ணு. நடுவுல மனசு எங்கயாவது போயிடுச்சா? பரவாயில்ல. உங்களை நீங்களே திட்டிக்காதீங்க. சிரிச்சுக்கிட்டே ஒண்ணுக்கு வந்துடுங்க."

பத்து நிமிஷம் கழித்துக் கண்ணைத் திறக்கச் சொன்னார். "சிஸ்டர், எத்தனையில இருக்கீங்க?"

"நூத்தி எழுபத்தி நாலு மாஸ்டர்."

அறை முழுக்கச் சிரித்தது. பத்தோடு முடிகிற எண்ணிக்கையும் ஒரு எண்ணிக்கையா என்று அவளுக்குப் புரியவே இல்லை. பாதியில் விட்டுவிட்டு ஒன்றுக்குத் திரும்பு, அதுவும் சிரித்துக்கொண்டே திரும்பு என்றால், இருபத்திரண்டு வருஷம் அவள் செய்த வேலைக்கு என்ன பொருள்? பக்கத்தில் பெரிய டாக்டர் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டிருந்தார். "என்ன ஒரு ஆழம், பாருங்க" என்று மாஸ்டர் எல்லோருக்கும் அவரைக் காட்டினார்.

இரண்டாம் வாரம், மூன்றாம் வாரம் எல்லாம் இதே கூத்துதான். மாஸ்டர் பேசப்பேச இவள் எழுந்து போய் ஜன்னல் கொக்கியைப் பார்த்துவிட்டு வந்தாள். "எண்ணம் வரட்டும் சிஸ்டர். வரும், போகும். அதுக்கு உக்கார நாற்காலி எடுத்துப் போடாதீங்க" என்றார் மாஸ்டர். அவள் மனதிலோ நாற்காலி என்ன, கட்டிலே போட்டிருந்தது.

ஆனாலும் துணிக் கிடங்கு பயம் சும்மா விடுமா? பஸ்ஸில் எண்ணினாள், பாத்திரம் தேய்க்கும்போது எண்ணினாள், ஒன்றிலிருந்து பத்து, பத்திலிருந்து ஒன்று. ஐந்தாவது வாரம் ஒருநாள் வீட்டைப் பூட்டிக்கொண்டு புறப்பட்டவளுக்குத் தெருமுனையைத் தாண்டிப் பஸ் ஏறி, ஆஸ்பத்திரியில் இறங்கிய பிறகுதான் தான் திரும்பிப் போய்ப் பூட்டைப் பார்க்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது. வந்த நினைவும் தானாகப் போய்விட்டது. மாஸ்டர் சொன்னது மெய்தான் என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. உடம்பே லேசாகிவிட்டது.

வீட்டுக்காரருக்கு உச்சி குளிர்ந்தது. மாத்திரை போட்டீங்களா என்று ஒருத்தரும் கேட்பதில்லை. அவரும் போடுவதில்லை. மகள்தான் ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணினாள்.

"ஏம்மா, என் மேல ஏதாவது கோவமா? அஞ்சு நாளா நீ போனே பண்ணல."

"கோவமெல்லாம் ஒண்ணுமில்லடி. உன் நினைப்பு வந்துச்சு. வந்துச்சா, போயிடுச்சு."

"என் நினைப்பு போயிடுச்சா?" என்றாள் மகள். சரி, வைக்கிறேன் என்று போனை வைத்துவிட்டாள். பெரிய சிஸ்டருக்குச் சுருக்கென்றது. அந்தச் சுருக்கையும் வரும் போகும் என்று விட்டுவிட்டாள்.

தியேட்டரில் நடந்த மாற்றத்தைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். பெரிய டாக்டர் ஒருவரையும் திட்டுவதில்லை. மயக்க டாக்டர்கூட நக்கலை விட்டுவிட்டார். பெரிய சிஸ்டரோடு சேர்ந்து எண்ணுகிற சின்ன சிஸ்டர் வகுப்பிலேயே முதல் மாணவி, நடக்கிறபோது தரை நோகாமல் நடந்தாள். இரண்டு பேரும் மாப் எண்ணினால் பாட்டு மாதிரி இருந்தது. முன்பெல்லாம் ஒன்றிலிருந்து முப்பது, நாற்பது என்று நேராகப் போவார்கள். இப்போது பத்து வரைக்கும் போய், மூச்சு விட்டு, மறுபடி ஒன்று. இந்தப் பழக்கம் என்றைக்கு ஆரம்பித்தது என்று இரண்டு பேருக்குமே தெரியாது. பத்து பத்தாக எண்ணிக் கூட்டினால் வருகிற தொகை அதேதானே என்று யாரும் அதைக் கேட்கவும் இல்லை. ஒரே தடவைதான் எண்ணினார்கள்.

"இப்பதான் தியேட்டர் தியேட்டரா இருக்கு" என்றார் பெரிய டாக்டர்.

ஆறாவது வாரத்தில் மாஸ்டர் எல்லோருடைய ஃபாரத்திலும் 'ஆம்' போட்டுவிட்டார். பெரிய சிஸ்டர் ஃபாரம் மட்டும் பாக்கி. ஏழாவது வாரம் அவள் பத்து நிமிஷம் அசையாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து அவருக்கே கண் கலங்கிவிட்டது. "அடுத்த செவ்வாய் கடைசி வகுப்பு. அன்னிக்கு உங்களுக்கும் போட்டுடறேன் சிஸ்டர்" என்றார்.

கடைசிச் செவ்வாய்க்கிழமை மாஸ்டர் வகுப்புக்கு வரவில்லை. ஆஸ்பத்திரிக்கு வந்தார், ஸ்ட்ரெச்சரில். ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து வலது அடிவயிற்றில் வலி. மனிதர் டாக்டரிடம் போவாரா? போகவில்லை. வலியை வலி என்று மட்டும் பார்த்து, நல்லது கெட்டது என்று தீர்ப்புச் சொல்லாமல், இரண்டு நாள் கவனித்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறார். கவனிக்கக் கவனிக்கக் குடல்வால் வெடித்து வயிறெல்லாம் சீழ். பக்கத்து வீட்டுக்காரர் தூக்கிக்கொண்டு வந்து போட்டிருந்தார்.

தியேட்டர் வாசலில் பெரிய சிஸ்டரைப் பார்த்ததும் அவள் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். குரலில் வெதுவெதுப்பு எல்லாம் போய் நடுக்கம்தான் இருந்தது.

"சிஸ்டர், நீங்கதானே உள்ள இருப்பீங்க? நீங்கதானே எண்ணுவீங்க?"

"நான்தான் மாஸ்டர். மூச்சைக் கவனிங்க."

"மூச்சு கிடக்கட்டும் சிஸ்டர்! நல்லா எண்ணுவீங்கல்ல? முன்னெல்லாம் நாலு தடவை எண்ணுவீங்கன்னு சொன்னீங்களே?"

"எண்ணம் வரும், போகும் மாஸ்டர்" என்று அவர் தோளைத் தட்டிக்கொடுத்தாள். அவளுக்கு அவர் மேல் இரக்கமாக இருந்தது. உபதேசமெல்லாம் ஊருக்குத்தான் போலிருக்கிறது என்றும் ஓரமாகத் தோன்றியது. மயக்க டாக்டர் ஊசியைப் போட்டார், மூச்சை எண்ண ஆரம்பித்த மாஸ்டர் பத்துக்கு வருவதற்குள் மயங்கிவிட்டார்.

ஆபரேஷன் நீண்டது. சீழைக் கழுவிக் கழுவி எடுக்க வேண்டியிருந்தது, முப்பது மாப் தேவைப்பட்டது. பலகையில் சின்ன சிஸ்டர் '30' என்று எழுதியிருந்தாள். எல்லாம் முடிந்து பெரிய டாக்டர் ஊசிக்குக் கை நீட்டியபோது எண்ண ஆரம்பித்தார்கள். நனைந்த மாப்களை ஒவ்வொன்றாக இடுக்கியால் எடுத்துத் தரை விரிப்பில் சின்ன சிஸ்டர் போடப்போட, இரண்டு பேரும் ஒரே குரலில் எண்ணினார்கள். முதல் பத்து முடிந்தது. மூச்சு விட்டார்கள். இரண்டாவது பத்தில் ஒன்பது என்று சொல்லி வாய் மூடவில்லை, மேசையிலிருந்து ஒரு எஃகுக் கிண்ணம் நழுவித் தரையில் விழுந்தது. கிணிங் என்று காதைப் பிளக்கிற சத்தம்.

பழைய நாளாக இருந்தால் தியேட்டரே துள்ளியிருக்கும். இப்போது ஒருவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"சத்தத்தைச் சத்தமா மட்டும் கேளுங்க" என்றார் பெரிய டாக்டர், மாஸ்டர் சொல்கிற அதே தினுசில்.

பெரிய சிஸ்டரின் மனம் கிண்ணத்தின் பின்னால் ஒரு கணம் ஓடிவிட்டு வந்தது. அதைத் திட்டாமல், முகமூடிக்குள் சிரித்துக்கொண்டே அடுத்த மாப்புக்கு "ஒண்ணு" என்றாள். அதே நொடியில் சின்ன சிஸ்டரும் "ஒண்ணு" என்றாள். ஏழு வாரம் ஒரே ஆளிடம் படித்த இரண்டு பேர் அல்லவா? குரல் பிசகவே இல்லை. அந்தச் சுற்று அழகாகப் பத்தில் போய் முடிந்தது, விரிப்பில் போட வேறு மாப் இல்லை.

"மூணு பத்து முப்பது" என்று சின்ன சிஸ்டர் பலகையில் ஒரு சரி அடையாளம் போட்டாள்.

பெரிய டாக்டர் தைக்க ஆரம்பித்தார். ஒரு தையல், இரண்டு தையல். பெரிய சிஸ்டருக்கு ஒரு எண்ணம் வந்தது. இரண்டாவது சுற்றில் பத்து என்று சொன்னோமா? ஒன்பது என்று சொன்னது காதில் இருக்கிறது. கிண்ணம் விழுந்தது காதில் இருக்கிறது. பிறகு ஒன்று. நடுவில் பத்து எங்கே?

வரும், போகும் என்று விட்டாள். போகவில்லை. மூச்சை ஒரு தடவை இழுத்து விட்டாள். அப்போதும் போகவில்லை, நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டுக்கொண்டு சட்டமாக உட்கார்ந்துவிட்டது. வாயைத் திறந்தால் ஃபாரத்தில் 'இல்லை', கீழே துணிக் கிடங்கு. மாஸ்டர் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. போட வேண்டிய கை இதோ மேசையில் மயங்கிக் கிடக்கிறது. பேசாமல் இருந்தால் பலகையில் சரி என்றுதான் இருக்கிறது, நாளைக்கு ஒருவரும் அவளைக் கேள்வி கேட்க முடியாது.

"டாக்டர், ஒரு நிமிஷம். மறுபடி எண்ணணும்."

"எண்ணியாச்சே சிஸ்டர். சரியா இருக்கே."

"ரெண்டாவது பத்துல சந்தேகமா இருக்கு."

"அது வெறும் எண்ணம் சிஸ்டர்" என்று பரிவோடு சொன்னார் அவர், ஊசியை நிறுத்தாமல். "வரும், போகும்."

"சரியா இருந்துச்சுக்கா" என்றாள் சின்ன சிஸ்டரும், அதைவிடப் பரிவாக.

மயக்க டாக்டர் கண்ணை மூடித் தலையை மெல்ல ஆட்டினார். அவர் நிதானத்தைப் பார்த்ததும் பெரிய சிஸ்டருக்கு எங்கிருந்துதான் வந்ததோ, ஏழு வாரமாக அடக்கிவைத்திருந்த கத்தல் மொத்தமும் ஒரே மூச்சில் வெளியே வந்தது.

"நிறுத்துங்கன்னா நிறுத்துங்க! கையை எடுங்க டாக்டர்! ஏய், நீ என்ன சிலை மாதிரி நிக்கறே? எல்லாத்தையும் எடு! ஒண்ணுலேர்ந்து முப்பது வரைக்கும் நேரா எண்ணு, எங்கயாவது திரும்பி ஒண்ணுக்குப் போனே, பல்லை உடைச்சிடுவேன்!"

வராந்தாவில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் எழுந்து நின்றுவிட்டார்களாம். பெரிய டாக்டர் கையை எடுத்தார். எண்ணினார்கள். இருபத்தொன்பது. மறுபடி எண்ணினார்கள். இருபத்தொன்பது. குப்பை வாளியைக் கவிழ்த்தார்கள், மேசைக்கு அடியில் தவழ்ந்து பார்த்தார்கள், ஆளாளுக்குச் செருப்பைக் கழற்றிப் பார்த்தார்கள்.

"என் பக்கம் சுத்தமா இருக்கு. நானே பாத்துட்டேன்" என்றார் பெரிய டாக்டர். குரலில் பழைய சூடு வந்திருந்தது.

"கையை விட்டுப் பாருங்க டாக்டர்."

போட்ட இரண்டு தையலையும் பிரித்தார். கையை விட்டார். குடலை விலக்கித் தேடினார், கீழே தேடினார், மேலே போனார். கல்லீரலுக்கு அடியில் போன கை அங்கேயே நின்றது. மெல்ல வெளியே வந்தபோது அதில் முப்பதாவது மாப் சிவப்பாகத் தொங்கியது. சின்ன சிஸ்டர் சுவரோரமாகப் போய் உட்கார்ந்துவிட்டாள். பெரிய சிஸ்டர் பலகையைப் பார்த்துக்கொண்டு மூன்றாவது தடவை எண்ணினாள். பிறகு நாலாவது தடவையும் எண்ணினாள்.

மூன்றாம் நாள் மாஸ்டர் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பழைய குரல் திரும்பியிருந்தது. பெரிய சிஸ்டர் பார்க்கப் போனபோது நிர்வாகியும் கையில் ஃபாரத்தோடு வந்து சேர்ந்தார்.

"இது ஒண்ணுதான் பாக்கி மாஸ்டர். அன்னிக்கு தியேட்டர்ல இவங்க கத்தினது வெளிய வரைக்கும் கேட்டுதாம். அப்ப 'இல்லை'ன்னு போட்டுடலாம், இல்லையா?"

"கத்தினாங்களா? ஏன் கத்தினாங்க?"

"அது ஒரு துணி விஷயம். துணி கிடைச்சுடுச்சு, அதை விடுங்க. கத்தினது கத்தினதுதானே?"

"எந்தத் துணி?" என்றார் மாஸ்டர்.

நிர்வாகி கூரையைப் பார்த்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க அவருக்கு இன்னும் கொஞ்சம் நேரம் வேண்டியிருந்தது. பெரிய சிஸ்டர் அந்த நேரத்தைக் கொடுக்கவில்லை.

"உங்க வயித்துக்குள்ள ஒரு மாப் நின்னுடுச்சு மாஸ்டர். தப்பு என்னோடதுதான். ஒன்பதுல ஒரு சத்தம் கேட்டு மனசு போயிடுச்சு. திட்டிக்காம, சிரிச்சுக்கிட்டே ஒண்ணுக்குப் போயிட்டேன். கூட எண்ணினவளும் போயிட்டா. அப்புறம்தான் உறுத்துச்சு. டாக்டர் தைக்க ஆரம்பிச்சுட்டார், அதான் கத்தினேன்."

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். இனி கிடங்குதான் என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. இருந்தாலும் சொல்லாமல் விட்டிருந்தால் அவளால் அந்த மனிதர் முகத்தைப் பார்த்திருக்க முடியாது.

மாஸ்டர் இரண்டு கையாலும் வயிற்றைப் பொத்திக்கொண்டார். முகம் வெளுத்துவிட்டது. மெதுவாகக் கேட்டார்.

"இப்ப எல்லாம் எடுத்தாச்சு இல்ல?"

"எடுத்தாச்சு மாஸ்டர்."

"எத்தனை தடவை எண்ணினீங்க?"

"கத்தினதுக்கப்புறம் நாலு தடவை. எக்ஸ்ரேயும் எடுக்கச் சொல்லி நானே பாத்தேன்."

"அந்த எக்ஸ்ரேயை நான் பாக்கலாமா? இன்னொண்ணு எடுக்கவும் முடியுமா?"

நிர்வாகி தொண்டையைக் கனைத்தார். "ஃபாரம்..."

மாஸ்டர் பேனாவைப் பிடுங்காத குறையாக வாங்கி, 'ஆம்' என்ற கட்டத்தில் காகிதம் கிழிகிற மாதிரி ஒரு கோடு போட்டார்.

"கத்தினாங்களே மாஸ்டர்? அமைதின்னு எப்படிப் போடறது?"

"அமைதிதான் சார். இவ்வளவு அமைதியான ஆளை நான் பாத்ததே இல்ல" என்று கொஞ்சமும் கூசாமல் சொன்னார் மாஸ்டர். "மத்தவங்க ஃபாரமெல்லாம் உங்ககிட்டதானே இருக்கு? அதையெல்லாம் திருப்பித் தர முடியுமா? கொஞ்சம் அவசரப்பட்டு 'ஆம்' போட்டுட்டேன்."

தர முடியாது, மேலே அனுப்பியாகிவிட்டது என்றார் நிர்வாகி. பெரிய சிஸ்டர் வராந்தாவுக்கு வந்ததும் போனை எடுத்து மகளைக் கூப்பிட்டாள். சாப்பிட்டியா, கதவைத் தாழ்ப்பாள் போட்டியா, ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கு என்று மூச்சுவிடாமல் கேட்டாள். மகள், "அப்பாடா" என்று மட்டும் சொன்னாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை வேறொரு நோயாளி, வேறொரு வயிறு. இருபத்தைந்து மாப். சின்ன சிஸ்டரும் பெரிய சிஸ்டரும் ஒன்றிலிருந்து இருபத்தைந்து வரை நேராக எண்ணினார்கள். சரியாக இருந்தது. பெரிய சிஸ்டர் ஊசியை நீட்டினாள். பெரிய டாக்டர் வாங்கினார், ஆனால் தைக்கவில்லை.

"என்ன சிஸ்டர், ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறீங்க?"

"சரியா இருக்கு டாக்டர்."

"மனசுல உறுத்தல் ஏதாவது?"

"இல்ல டாக்டர்."

"ஏன் இல்ல?" என்றார் அவர். "நல்லா யோசிச்சுப் பாருங்க."

யோசித்துப் பார்த்தாள். நிஜமாகவே ஒன்றும் இல்லை. அது அவருக்குப் போதவில்லை. ஊசியைக் கீழே வைத்துவிட்டுக் கையை உள்ளே விட்டுக் கல்லீரல் வரைக்கும் ஒரு தடவை தேடிவிட்டு வந்தார். மறுபடி எண்ணச் சொன்னார், எண்ணினார்கள். ஊசியை எடுத்தார், மறுபடி வைத்தார். மயக்க டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். பெரிய டாக்டர் நெற்றியில் முத்து முத்தாக வியர்த்திருந்தது, சின்ன சிஸ்டர் ஒற்றிவிட்டாள்.

இருபத்திரண்டு வருஷமாக அந்த அறையில் பெரிய சிஸ்டர் ஒருத்தியாகவே பட்டுக்கொண்டிருந்த கவலையை இப்போது பக்கத்தில் இன்னொரு ஆளும் பட்டுக்கொண்டு நின்றார். அவள் மனம் எங்கேயும் ஓடவில்லை, நின்ற இடத்தில் அவளோடேயே நின்றது.

"வேணும்னா இன்னொரு தடவை எண்ணிடலாம் டாக்டர்" என்று நிம்மதியாகச் சொன்னாள்.